நிலவறையில் நாற்பது ஆண்டு

*அம்மா அடைத்துவைத்துவிட்டுப் போன ஜாடியைத் திறந்து உண்ணலாமா? அமெரிக்க இல்லங்களில் எழுந்திருக்கும் ஒரு கேள்வியும், அதன் பின்னால் நிற்கும் விஷமும்*

ஒஹாயோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸுக்குச் சற்று வெளியே, என் மகள் குடியிருக்கும் வீதியின் கடைசி வீட்டில், ஒரு மூதாட்டி காலமாகி, அவருடைய பெண் வீட்டைக் காலிசெய்ய வந்திருந்த சமயத்தில், பெட்டி தூக்க ஒரு கை கூடுதலாக இருக்கட்டுமே என்று கூடப் போன நான், மரப்படிகளில் தட்டுத்தடுமாறி நிலவறைக்குள் இறங்கியதும், ஏதோ பழைய மருந்துக்கடையின் பின்கட்டுக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் மயங்கினேன். சுவரோடு சுவராக அடித்த பலகைத் தட்டுகளில், தூசியும் ஒட்டடையும் படிந்து, அறுபதுக்கும் மேற்பட்ட கண்ணாடி ஜாடிகள் வரிசை பிசகாமல் நின்றன. ஒவ்வொரு மூடியிலும் ஒட்டியிருந்த காகிதத்தில் பென்சில் எழுத்து: பீன்ஸ், ஆகஸ்டு 81; தக்காளி, 86; பீச், 79. பீச் துண்டுகள் கடுந்தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தன. பீன்ஸோ, ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கும் என்று நாமாக ஊகித்துக்கொள்ளவேண்டிய பழுப்பில், அடியில் வெள்ளையாய் வண்டல் தட்டிக் கிடந்தது.

அந்த அம்மாள் ஒரு பீன்ஸ் ஜாடியை எடுத்து முன்றானைபோல் தொங்கிய தம் சட்டை நுனியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உங்கள் தேசத்தில் ஊறுகாயைப் பத்து வருஷம், இருபது வருஷம்கூட வைத்திருந்து சாப்பிடுவீர்களாமே! அப்படியானால் இதையும் சாப்பிடலாம்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் தமிழில் முந்திக்கொண்டாள்: "அப்பா, ஆமாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. ஆனால், கூடாது என்று சொல்லவும் அப்போது என் கையில் காரணம் ஒன்றும் இருக்கவில்லை. மூடியை விரலால் அழுத்திப் பார்த்தேன், உள்வாங்கி இறுகியிருந்தது. கசிவில்லை, உப்பலில்லை, துருவும் பெயருக்குத்தான். பார்வைக்கு வெகு யோக்கியமான ஜாடி.

கேன் இல்லாத 'கேன்னிங்'

கண்ணாடி ஜாடியில் அடைத்தாலும் இதற்கு 'கேன்னிங்' என்றே பெயர். நெப்போலியன் காலத்துப் பிரான்ஸில், மிட்டாய்த் தொழில் செய்துவந்த நிகோலா அப்பேர் என்பவர், பண்டத்தைப் புட்டியில் அடைத்துத் தக்கையால் இறுக்கிக் கொதிநீரில் வைத்தால் நாட்பட நிற்கும் என்று கண்டு, சர்க்காரிடமிருந்து 12,000 பிராங்க் சன்மானம் பெற்று, 1810-இல் முறையைப் புத்தகமாகவும் வெளியிட்டார். ஏன் கெடாமல் நிற்கிறது என்பது அவருக்கும் தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றிப் பாஸ்டர் வந்து சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. 1858 நவம்பர் 30-ஆம் தேதி ஜான் லாண்டிஸ் மேசன் என்ற அமெரிக்கர் மரையுள்ள ஜாடிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, இந்த வித்தை தொழிற்சாலையை விட்டு அடுக்களைக்கு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ரேஷனும் தட்டுப்பாடும் நிலவிய 1943-இல், அமெரிக்க இல்லத்தரசிகள் ஒரே ஆண்டில் அடைத்த ஜாடிகள் 400 கோடிக்கு மேல் என்பார்கள். பிறகு குளிர்பதனப் பெட்டி வந்தது, ஆர்வம் அடங்கியது. 2020-இல் கொள்ளைநோய் வந்து எல்லாரையும் வீட்டில் உட்காரவைத்தபோது, ஜாடி மூடி கடையில் கிடைக்காத அளவுக்கு மறுபடியும் கிளம்பியது. பழைய தலைமுறை நிலவறையில் ஜாடிகளை வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறது. புதிய தலைமுறை அடுப்பில் ஜாடிகளை ஏற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் அந்த அம்மாளின் கேள்வி எழுகிறது.

ஆற்றுக்கடியில் கிடைத்த சாட்சியம்

வயதே குற்றம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் காரியம் சுலபம். ஆனால் சாட்சியம் அப்படி இல்லை. 1865 ஏப்ரல் 1-ஆம் தேதி, மொன்டானாவின் சுரங்க ஊர்களுக்குச் சரக்கேற்றிச் சென்ற 'பெர்ட்ராண்ட்' என்ற நீராவிப் படகு, ஒமாஹாவுக்கு வடக்கே மிசௌரி ஆற்றில், நீருக்குள் மறைந்திருந்த மரத்தில் மோதி மூழ்கிற்று. நூறாண்டுக்குப் பிறகு, 1968-இல், ஆறு தடம் மாறிவிட்ட இடத்தில் சேற்றைத் தோண்டிப் படகைக் கண்டெடுத்தபோது, பிராந்தியில் ஊறிய பீச், சிப்பி, தக்காளி, தேன், கலவைக் காய்கறி என்று அடைத்துவைத்த ஆகாரவகைகள் அப்படியே கிடைத்தன. 1974-இல், அதாவது 109 ஆண்டுக்குப் பின், ரசாயனிகள் அவற்றைத் திறந்து பரீட்சித்துப் பார்த்ததில், மணமும் பொலிவும் போயிருந்தன. வைட்டமின் ஏ-யும் சி-யும் பெரும்பாலும் அழிந்திருந்தன. கிருமி மாத்திரம் இல்லை. அடைத்த நாளில் எவ்வளவு பத்திரமாக இருந்தனவோ அவ்வளவு பத்திரமாகவே இன்றும் இருக்கின்றன என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். வடதுருவப் பிரதேசத்துக்கு 1824-இல் பாரி என்ற மாலுமி எடுத்துச் சென்ற கன்றிறைச்சி டின் ஒன்றை, நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து இங்கிலாந்தில் திறந்து பூனைக்குப் போட்டார்கள் என்றும், பூனை ஆட்சேபிக்கவில்லை என்றும் ஒரு வரலாறு உண்டு.

அடைத்த நாளில் எவ்வளவு பத்திரமோ அவ்வளவு பத்திரம் என்ற அந்த ஒரு வாக்கியத்தில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது. காலம் ஜாடிக்குள் புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. மூடி துருப்பிடித்துத் துளைவிட்டால் ஒழிய, அடைத்த அன்றே உள்ளே விட்டுவைத்த ஒன்றுக்குத்தான் அது அவகாசம் கொடுக்கிறது.

தூங்கும் விதை

அந்த ஒன்றின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணில் எங்கும் இருப்பது. பீன்ஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு என்று மண்ணோடு உறவாடும் காய்கிழங்கெல்லாம் அதைத் தம் தோலில் ஏந்தித்தான் வீட்டுக்குள் வருகின்றன. நாமெல்லாரும் தினமும் அதைத் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். காற்றுள்ள இடத்தில் அது முளைக்காத விதையாய்ச் சும்மா கிடக்கும். காற்றில்லாமல், ஈரம் இருந்து, புளிப்புக் குறைவாகவும் இருந்து, அறையின் சாதாரண உஷ்ணமும் அமைந்துவிட்டால், விதை முளைத்துப் பெருகி, மனிதன் அறிந்த விஷங்களுள் மிகக் கொடியதொன்றைக் கக்குகிறது. இந்த நான்கையும் ஒருங்கே கொண்ட இடம் இயற்கையில் அபூர்வம். நன்றாக இறுகிய பீன்ஸ் ஜாடி அதற்கென்றே கட்டிக்கொடுத்த மாளிகை.

இங்கே கவனிக்கவேண்டியது, கொதிநீர் அந்த விதையைக் கொல்வதில்லை என்பது. நீர் எத்தனை மணி கொதித்தாலும் 100 பாகை செல்ஷியஸுக்கு மேல் சூடேறாது. டென்வர் போன்ற மலையூர்களில் 95-லேயே கொதித்துவிடும். விதை சாகவேண்டுமானால் 116 பாகைக்குக் குறையாத உஷ்ணம் வேண்டும். அதற்கு ஆவியை அடக்கி அழுத்தவேண்டும். 'பிரஷர் கேன்னர்' என்ற கனத்த பாத்திரத்தின் உத்தியோகம் அதுதான். புளிப்பு மிகுந்த பழங்கள், ஜாம், வினிகர் ஊறுகாய் ஆகியவற்றில் விதை இருந்தாலும் முளைக்காது என்பதால் அவற்றுக்குக் கொதிநீரே போதும். புளிப்பில்லாத காய்கறிக்கும் மாமிசத்துக்கும் பிரஷர் கேன்னர் தவிர வேறு மார்க்கமில்லை என்று அமெரிக்க விவசாய இலாகா 1917-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. நூறாண்டாகியும் அந்த அறிவிப்பு எல்லா அடுக்களைக்கும் போய்ச் சேர்ந்தபாடில்லை.

ஆனால், விதைக்கு இருக்கும் பிடிவாதம் அது கக்கும் விஷத்துக்கு இல்லை; பத்து நிமிஷம் நன்றாகக் கொதித்தால் விஷம் முறிந்துவிடும். ஆகவே மனிதனுக்கும் மரணத்துக்கும் நடுவே இரண்டு நெருப்புகள் இருக்கின்றன: விதையைக் கொல்ல அடைக்கிற நாளில் ஒன்று, விஷத்தை முறிக்க உண்கிற நாளில் ஒன்று.

> பெட்டிச் செய்தி: சில எண்கள்
>
> • புளிப்பை அளக்கும் பி.எச். அளவில் 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்கு மேலே போனால் விதை முளைக்கலாம்.
>
> • தக்காளி அந்தக் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருப்பது. ஆகவே ஒரு குவார்ட் ஜாடிக்கு இரண்டு மேஜைக்கரண்டி புட்டி எலுமிச்சைச்சாறு சேர்க்கவேண்டும் என்பது இன்றைய விதி. 1980-களின் பிற்பகுதிக்கு முன் அடைத்த தக்காளியில் அது இருக்கும் என்று நம்புவதற்கில்லை.
>
> • 1996 முதல் 2014 வரை, வீட்டில் செய்த பண்டங்களால் அமெரிக்காவில் நேர்ந்த 'பாட்டுலிஸம்' என்ற இவ்விஷ நோயின் சம்பவங்கள் 145. அவற்றுள் 43-க்குக் காரணம் வீட்டில் அடைத்த காய்கறி.
>
> • அரை நூற்றாண்டுக்கு முன் இந்நோய் கண்ட நூறு பேரில் ஐம்பது பேர் இறந்தார்கள். இன்று ஐந்துக்கும் குறைவு.

2015 ஏப்ரல், ஒரு ஞாயிற்றுக்கிழமை

என் மகள் வீட்டிலிருந்து தென்கிழக்கே ஒரு மணிக்குள் காரில் போய்விடக்கூடிய லாங்காஸ்டர் என்ற ஊரில், 2015 ஏப்ரல் 19-ஆம் தேதி, ஒரு தேவாலயத்தில் ஆராதனை முடிந்து கூட்டு விருந்து நடந்தது. அவரவர் வீட்டில் சமைத்ததை அவரவர் கொண்டுவந்து, நீண்ட மேஜையில் பரப்பி, எல்லாரும் பகிர்ந்து உண்ணும் வழக்கம் அது. நம் ஊர்களில் ஆற்றங்கரைக்குக் கட்டுச்சாதம் எடுத்துப் போவோமே, ஏறக்குறைய அந்த உற்சாகம். எழுபத்தேழு பேர் உண்டார்கள். மேஜையில் உருளைக்கிழங்கு சாலட்டும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அவ்வூர் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தார். அவருக்கு வந்திருப்பது இன்னதாக இருக்கலாம் என்று சந்தேகித்து வைத்தியர்கள் சுகாதார இலாகாவுக்குச் சொல்லி அனுப்பிய இரண்டு மணி நேரத்துக்குள் இன்னும் நால்வர் அதே குறிகளோடு வந்துசேர்ந்தார்கள். ஒருவர் வந்த சிறிது நேரத்தில் மூச்சு நின்று இறந்துபோனார். இந்த நோயின் குரூரம் அதன் அமைதியில் இருக்கிறது. ஜுரம் இராது, புத்தி தெளிவாகவே இருக்கும். முதலில் ஒன்று இரண்டாகத் தெரியும், இமை தானாகக் கவியும், நாக்குக் குழறும், விழுங்க வராது, பிறகு தோள், கை, மார்பு என்று வாதம் மேலிருந்து கீழாக இறங்கும், மார்புத் தசைகள் ஓய்ந்ததும், நடப்பதையெல்லாம் அறிந்துகொண்டே நோயாளி மூச்சுக்குத் திணறுவார்.

தேசிய மருந்துக் கையிருப்பிலிருந்து விஷமுறிவு மருந்து 50 குப்பி அவசரமாக ஒஹாயோவுக்கு வந்தது. கணக்கு முடிந்தபோது நோயுற்றவர்கள் 29 பேர்; அவர்களுள் 11 பேருக்கு இயந்திரம் மூச்சுவிட்டது. ஒரு பிராணன் போயிற்று. அதிகாரிகள் தேவாலயத்தின் குப்பைத்தொட்டியைக் கிளறி மிச்சம் மீதியை எடுத்துச் சோதித்தபோது உருளைக்கிழங்கு சாலட்டில் விஷம் அகப்பட்டது. வீட்டில் அடைத்த கிழங்கு. அடைத்தவர் உபயோகித்தது கொதிநீர்ப் பாத்திரம். ஜாடியிலிருந்து எடுத்த பிறகு கிழங்கைச் சூடுபடுத்தவும் இல்லை. சாலட்டுக்கு யார் சூடுபடுத்துவார்கள்? முதல் நெருப்புப் போதவில்லை, இரண்டாம் நெருப்பு மூட்டப்படவே இல்லை.

அடுத்தவருக்கு அன்போடு பரிமாறிய ஒரு கை இவ்வளவும் செய்துவிட்டது என்பதை நினைக்கும்போது, யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. ஒரு குவார்ட் ஜாடி உருளைக்கிழங்குக்குப் பிரஷர் கேன்னரில் 40 நிமிஷம் போதும்.

"எங்கள் பாட்டி மூன்று மணி கொதிக்கவைப்பாள்"

இந்தப் பேச்சை எடுத்தால் அமெரிக்கக் கிராமங்களில் தவறாமல் ஒரு பதில் வரும்: எங்கள் பாட்டி பீன்ஸ் ஜாடியை மூன்று மணி நேரம் கொதிநீரில் வைப்பாள், அதைத்தான் குடும்பமே உண்டது, ஒருவரும் சாகவில்லை. செத்தவர்கள் பதில் சொல்ல வருவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாட்டி அந்த பீன்ஸை எப்படிப் பரிமாறினாள் என்று கேட்டுப் பாருங்கள். பன்றிக்கொழுப்புத் துண்டு ஒன்றைப் போட்டு, அடுப்பில் மதியம் முழுவதும் குழையக் குழைய வேகவைத்தாள். விஷம் இருந்திருந்தாலும் அந்தக் கொதியில் முறிந்துபோயிருக்கும். தன்னைக் காத்தது அந்த இரண்டாம் அடுப்பு என்பதைப் பாட்டி அறியாள். அதற்கு ருசி என்று பெயர் வைத்திருந்தாள். காய்கறியைப் பதமாக, அரைவேக்காடாக உண்பது நாகரிகமாகிவிட்ட காலத்தில் பேத்தி, பாட்டியின் முதல் அடுப்பை மட்டும் பக்தியோடு கைக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறாள். சம்பிரதாயத்தில் பாதியை எடுத்துக்கொள்வதைவிட முழுதும் மறந்துபோவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

மோந்து பார்க்கிறேன், நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்க்கிறேன் என்பவர்களும் உண்டு. இந்த விஷத்துக்கு வாசனையில்லை, ருசியில்லை. சில ஜாடிகள் உப்பும், சில உப்பா. ருசிபார்க்கும் அந்த ஒரு துளியே ஆளை வீழ்த்தப் போதும். பெல்ஜியத்தின் எல்லெஸெல் கிராமத்தில் 1895 டிசம்பரில், சாவுவீட்டுக்கு வாத்தியம் வாசிக்க வந்தவர்கள் உப்பிட்ட பன்றித்தொடையை உண்டு மூவர் மாண்டதும், வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் அதை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கிருமி முதன்முதலில் பிடிபட்டதும் வைத்திய சரித்திரம். அந்த இறைச்சியும் பார்வைக்கு அழுகியதாகத் தோன்றவில்லை.

நம் ஜாடியும் நம் குக்கரும்

அந்த அம்மாள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் நாரத்தங்காயும் எலுமிச்சையும் ஆண்டுக்கணக்கில் கறுத்து நிற்பது, புளிப்பும் உப்பும் அளவுக்கு மிஞ்சிக் கூடியிருப்பதால். அந்தக் கூட்டில் இந்த விதை முளைக்க வழியில்லை. எண்ணெயைக் காவல் என்று நாம் நினைப்பதுதான் பிசகு. எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. இந்தக் கிருமி வேண்டுவதும் அதையேதான். 1985-இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்டு வெளியில் வைத்திருந்த பூண்டினால் ஒரு உணவகத்தில் உண்ட 36 பேர் இந்நோய்க்கு ஆளானார்கள். எலுமிச்சைச்சாறோ புளியோ வினிகரோ தாராளமாகச் சேராத பூண்டு எண்ணெயைப் புட்டியில் ஊற்றி அலமாரியில் வைத்திருப்பவர்கள், இதைப் படித்த கையோடு எழுந்துபோய் அதை ஒழித்துவிட்டு வரலாம்.

இன்னொன்று, கடல்கடந்து வாழும் நம்மவர்களுக்கு. ஊரிலிருந்து சுமந்துவந்த விசில் குக்கர் இருக்கிறதே, அதிலேயே ஜாடிகளை வைத்தால் ஆயிற்று என்று நினைக்கத் தோன்றும். சிறிய குக்கர் சடுதியில் சூடேறிச் சடுதியில் ஆறிவிடும். கேன்னருக்கு விதித்த நிமிஷக் கணக்கில் அது மெல்லச் சூடேறுவதும் மெல்ல ஆறுவதும் அடக்கம். குவார்ட் ஜாடி நான்காவது நிற்கும் பாத்திரமாக இருந்தால்தான் அதைக் கேன்னர் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

> பெட்டிச் செய்தி: சந்தேகமான ஜாடியை என்ன செய்வது?
>
> மூடி இறுகியிருந்தால் திறக்கவேண்டாம். கனமான குப்பைப் பையில் இட்டு, வாயைக் கட்டிக் குப்பையில் சேர்க்கவும்.
>
> கசிந்திருந்தாலோ திறந்திருந்தாலோ, கையுறை அணிந்து, ஜாடியோடு பாத்திரத்தில் வைத்து, ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி நீர் ஊற்றி, மூடி, 30 நிமிஷம் கொதிக்கவிட்ட பிறகு எறியவும்.
>
> சிந்திய இடத்தில் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து ஊற்றி, அரைமணி கழித்துத் துடைக்கவும். நாய் பூனைக்கும் போடக்கூடாது.

லேபிள் சொல்லாதது

ஓராண்டுக்குள் உண்டு தீர்க்கக்கூடிய அளவே அடையுங்கள் என்று அமெரிக்க விவசாய இலாகா சொல்வது, பெரும்பாலும் நிறத்தையும் ருசியையும் சத்தையும் உத்தேசித்தது. அப்படியிருக்க, நாற்பதாண்டு பீன்ஸை ஏன் எறியச் சொல்லவேண்டும்? வயதுக்காக அல்ல. 'ஆகஸ்டு 81' என்று ஆண்டைச் சொல்கிற அந்தக் காகிதம், அன்றைக்கு அடுப்பில் இருந்தது எந்தப் பாத்திரம், எத்தனை நிமிஷம், என்ன அழுத்தம் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே மனுஷி இப்போது இல்லை. அப்பேர்ப்பட்ட ஜாடிக்கு ஜாமீன் கொடுக்க என்னால் முடியாது.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டு, மறுநாள் நான் போய் அந்த அம்மாளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் தாயார் எந்தப் பாத்திரத்தில் இதைச் செய்வார், ஞாபகம் இருக்கிறதா? அவர் சற்று யோசித்து, படிக்கட்டுக்கு அடியில் குனிந்து, பழைய திரைச்சீலைகளுக்குள்ளிருந்து இழுத்து வெளியே போட்டார். நீல எனாமலில் வெள்ளைப் புள்ளி தெளித்த பெரிய பானை. உள்ளே ஜாடிகளை நிறுத்தும் கம்பிச்சட்டம். தட்டையான, லேசான மூடி. அழுத்தமானி இல்லை, எடைக்கட்டி இல்லை, மூடியை இறுக்கும் திருகு இல்லை. வீடெங்கும் தேடியும் வேறு பாத்திரம் அகப்படவில்லை.

பீன்ஸும் சோளமும் தக்காளியும் அன்று மாலையே இரட்டைப் பைகளில் தெருவோரத்துக்குப் போயின. பீச்சில் புளிப்பு உண்டு, அது வேறு ஜாதி என்று சொல்லிப் பார்த்தேன். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு அவரே அதையும் பையில் வைத்தார். காகிதங்களை மட்டும் கெட்டிலின் ஆவியில் காட்டி ஒவ்வொன்றாக உரித்து, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டார். நீலப் பானையை என் மகள் குப்பைப் பக்கம் நகர்த்தப் போனபோது தடுத்து, அதைத் தாமே தூக்கித் தம் காரின் பின்னிருக்கையில் வைத்தார்.

"ஸ்ட்ராபெரி ஜாமுக்கு இது போதுமல்லவா?" என்றார்.

போதும் என்றேன்.